உங்களுக்குத் தெரியுமா? மிளகாய் விதையும் குளிரும்

காங்கேயத்து வெயிலில் எட்டே நாளில் எட்டிப் பார்க்கும் மிளகாய் முளை, மார்கழிப் பனியில் ஏன் அடம் பிடிக்கிறது? விதையின் மேல் குற்றமில்லை, மண்ணின் சூடுதான் கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் சுமார் 8 நாளில் முளைக்கும் விதை, 20 டிகிரியில் 12, 13 நாள் எடுத்துக்கொள்ளும். 15 டிகிரியிலோ ஏறத்தாழ 25 நாள். 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் முளைப்பதே அரிது.

அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதையைப் பூஞ்சை விடுமா? நாற்றழுகல் நோய் புகுந்துவிடும். அதனால்தான் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள். அரை அங்குல ஆழம் போதும். மேலே வைக்கோல் பரப்பி, பூவாளியால் அளவாகத் தண்ணீர் தெளியுங்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் நாற்று வெளிறி நெட்டையாகும்.

டொராண்டோவில் இருக்கும் நம் உறவுகள் மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதைக்கலாம். முளைக்கும்வரை தொட்டிக்கு வெளிச்சத்தைவிட வெதுவெதுப்பே முக்கியம். முளைத்த பிறகு நல்ல வெளிச்சம். வெளியே நட, உறைபனி நீங்கும் மே கடைசி வரை பொறுக்க வேண்டும்.

குளிரையே விரும்பும் மிளகாயும் உண்டு! தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் வளர்க்கும் ரொக்கோட்டோ. ரோமம் படர்ந்த இலை, ஊதாப் பூ. காயைப் பிளந்தால் விதை கன்னங்கரேல் என்றிருக்கும்.