கரைக்குக் காது வேண்டும்

கார் காரோடு பேசுகிறதாம், கேட்டீர்களா தோழர்களே! முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், பின்னால் வருகிற வண்டிக்குக் காற்றிலேயே சேதி போய், ஓட்டுபவர் கண் காணுமுன்னே எச்சரிக்கை மணி அடிக்குமாம். இதற்கென்று அமெரிக்க சர்க்கார் 1999-லேயே 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அலைவரிசை ஒதுக்கி வைத்தது. இருபது ஆண்டுகள் ஓடின. கார் முதலாளிகள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 2020-ல் அதில் 45-ஐ எடுத்து வை-ஃபை இணையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போகட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு விளக்குண்டு, ஊதுகுழல் உண்டு, ஒதுங்கி நிற்க ஓரமுண்டு. கடலில் ஓடும் வண்டிக்கு என்ன உண்டு? இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் இருந்து வலையேற்றிப் புறப்படுகிறானே மீனவத் தோழன், அவன் படகுக்குத்தான் பேச்சு முதலில் வேண்டும்!

விசைப்படகுகளில் வயர்லெஸ் இருக்கிறது. வி.எச்.எஃப். என்பார்கள். அது வேலை செய்யும் விதம் எளிது. அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. ஆகவே விசை எத்தனை இருந்தாலும், கம்பம் எவ்வளவு உயரமோ அதைப் பொறுத்தே எட்டும் தூரம். இரண்டு படகிலும் 5 மீட்டர் உயரக் கம்பம் இருந்தால் ஏறத்தாழ 18 கிலோமீட்டர், அதாவது 10 கடல் மைல். அதற்கு அப்பால் ஓசை இல்லை.

ஆனால் நம் தொழிலாளி சும்மா இருப்பானா? ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்கிறது. அது அதற்கடுத்த படகுக்குச் சொல்கிறது. சேதி கைமாறிக் கைமாறிக் கரைக்கு வருகிறது. பல்கலைக்கழகத்து அறிஞர்கள் கருவியைக் கொண்டு செய்யப் பார்க்கும் வலைப்பின்னலை, இவன் வாயாலேயே பின்னி வைத்திருக்கிறான்! என்ஜின் நின்றதா, ஒரு குரல் போதும். பக்கத்துப் படகு வந்து கயிறு கட்டி இழுக்கும். பாக் நீரிணையில் இது உயிர்ப் பிரச்னை. இரண்டொரு மணி நேரம் ஓடினாலே எல்லைக் கோடு வந்துவிடுகிறது. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் போட்ட அந்தக் கோடு அலைமேல் எழுதப்படவில்லை. என்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளும் என்று யார் சொல்வது? தள்ளிய இடத்தில் சிறை காத்திருக்கிறது.

இந்தப் பேச்சில் ஒரு தொல்லை உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆபத்துக்கென்று உலகம் முழுதும் ஒதுக்கியது 16-ஆம் எண் வரிசை. அதில் வேறு பேச்சு பேசுவது, தீயணைப்பு வண்டி வரும் வழியில் மாட்டைக் கட்டுவது போல. பெரிய கப்பல்கள் வேறொரு கருவி வைத்திருக்கின்றன, ஏ.ஐ.எஸ். என்று பெயர். ஒரு நிமிடத்தை 2,250 துண்டாக வெட்டி, ஒவ்வொரு கப்பலும் காலியான துண்டைத் தானே பார்த்து எடுத்து, 'நான் இங்கே, இந்தத் திசையில், இந்த வேகத்தில்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உத்தரவிட மேலே யாருமில்லை. கங்காணி இல்லாத கூட்டு வேலை!

இயற்கை இந்தக் கரையைச் சும்மா விட்டதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன பயணி ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட மக்களோடு அலை கொண்டுபோனது. முன்னே என்ன நடக்கிறது என்று அந்த என்ஜினுக்குச் சொல்ல வழியில்லை. 53 ஆண்டு கழித்து, 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தது. குமரி மாவட்டத்துப் படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் போயிருந்தன. கரையில் அறிவிப்பு முழங்கியது. கடலில் இருந்தவன் காதுக்கு அது எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பலருடைய உடல் கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் டில்லிக்குக் கண் திறந்தது. 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது; புயல் சேதியைத் துணைக்கோள் வழியாகக் கேட்கலாம். கேட்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது! ஆண்டை சொல்ல அடிமை கேட்கிற கதை. பிறகு இசுரோ இருவழிக் கருவியைச் செய்தது. 2024 ஆகஸ்டில் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் தொடங்கியது. ஆபத்துப் பொத்தான் உண்டு. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை உண்டு. நல்லது. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் கேள்வி இருக்கிறது. அந்தப் பெட்டி துணைக்கோளோடு பேசி, அதிகாரியின் மேசைக்குச் சேதி அனுப்புகிறது. ஒரு மைல் தள்ளி நிற்கிற அண்டைப் படகுதான் முதலில் உதவிக்கு வரும். அதற்கு நேராகச் சேதி போவதில்லை. வயர்லெஸ் செட்டு பழசாகிக் கிடக்க, புதுப்பெட்டி வந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டால் ஆகுமா?

இன்னொன்று. படகு எங்கே போனது என்பதெல்லாம் பதிவாகிறது. 'எல்லைக்குள்தான் இருந்தான்' என்று மீனவனுக்குச் சாட்சி சொல்லவும் அந்தப் பதிவால் முடியும். 'தாண்டினான்' என்று காட்டிக் கொடுக்கவும் முடியும். யார் பார்ப்பது? எத்தனை நாள் வைத்திருப்பது? எந்த வழக்குக்கு எடுப்பது? இதை நல்ல தமிழில் எழுதி மீன் இறங்குதளத்தில் ஒட்டட்டும். ஒளித்து வைத்தால், பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கடலுக்குப் போகிறவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நாட்டுப்படகுத் தோழர்களை மறந்துவிடுகிறோம். வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று இந்தக் கடலைப் பங்கிட்டதே இருசாராருக்கும் மோதல் வந்ததால்தான். இரவில் விரித்த வலையை விசைப்படகு அறுத்துப் போகிறது. பார்த்து அறுக்கிறவனும் உண்டு, பாராமல் அறுக்கிறவனும் உண்டு. 'இங்கே வலை கிடக்கிறது' என்று சொல்ல ஒரு கைவயர்லெஸ் இருந்தால், பாராமல் அறுக்கிறவனாவது ஒதுங்குவான். மற்றவனுக்குச் சாக்கு இருக்காது. தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே உள்ள பகையில் பாதி, பேச வழியில்லாத பகை.

கருவி இருந்தும் கேட்க ஆளில்லாவிட்டால்? 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது கலிபோர்னியன் என்ற கப்பல் அதிகத் தொலைவில் இல்லை. அதில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. ஆனால் தந்திக்காரர் ஒரே ஒருவர். நாள் முழுதும் உழைத்துவிட்டுக் கருவியை அணைத்துப் படுத்துவிட்டார். ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்த கார்பேத்தியா கேட்டு ஓடிவந்தது. அதற்குள் ஏறத்தாழ 1,500 உயிர் போய்விட்டது. தூங்கிய தொழிலாளியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒருவரை மட்டும் வைத்த முதலாளியைக் கேளுங்கள். 1914 உடன்படிக்கையில்தான் இரவும் பகலும் காது கொடுக்க ஆள் வேண்டும் என்று எழுதினார்கள்.

நம் கரைக்கும் அதையே கேட்கிறோம். உயரமான கோபுரம், அதில் மூன்று முறை மாறிமாறி உட்கார ஆள், மீனவர் பேசும் தமிழ் அறிந்த ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது அதிகாரிகள் படகு படகாக ஏறிச் சோதிக்கிறார்கள். நீளம் அளக்கிறார்கள், என்ஜின் பார்க்கிறார்கள், பதிவெண் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் அந்த ஆபத்துப் பொத்தானையும் ஒருமுறை அழுத்தட்டும். மறுமுனையில் யார் எடுக்கிறார், எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார் என்று படகுக்காரர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளட்டும்.