கழிமுகச் சேற்றில் உறங்கும் உலோகங்கள்

மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலத்தினுள் புகுந்துள்ளது தாணே கடற்கழி. வடக்கே ஒரு குறுகிய நீர்வழி இதனை உல்லாஸ் ஆற்றின் கழிமுகத்தோடு இணைக்கிறது. 1960-களிலிருந்து கிழக்குக் கரையில் தாணே-பேலாப்பூர் தொழிற்பகுதி வளர்ந்தது. இரசாயனம், சாயம், மருந்து ஆலைகளின் கழிவும் நகரச் சாக்கடையும் கழியில் கலந்தன. ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம், பாதரசம் ஆகிய கன உலோகங்களும் உடன் வந்தன.

கரிமக் கழிவுகள் நாளடைவில் மக்கும். உலோகங்கள் வடிவம் மாறுமேயன்றி அழிவதில்லை. ஆதலால், அலையாத்திக் காடுகள் நச்சு உலோகங்களை உறிஞ்சி அகற்றிவிடும் என்ற கூற்று பாதி உண்மையே.

இக்கழியில் மிகுந்திருப்பது வெண்கண்டல் மரம். சேற்றிலிருந்து நெருக்கமாக மேலெழும் அதன் சுவாச வேர்கள் ஓதநீரின் வேகத்தைத் தணிக்கின்றன. நுண்ணிய வண்டல் அங்கே படிகிறது; அதில் ஒட்டிய உலோகங்களும் படிகின்றன. ஆழத்தில் பிராணவாயு இல்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அதனோடு சேரும் உலோகங்கள் எளிதில் கரையாத பொருள்களாகி நிலைபெறுகின்றன. வேர்களிலிருந்து கசியும் பிராணவாயுவினால் அவற்றைச் சுற்றி உண்டாகும் இரும்புத்துருப் படலமும் உலோகங்களைப் பற்றிக்கொள்கிறது. மரத்தினுள் புகுவது குறைவு. புகுந்ததிலும் பெரும்பகுதி வேரிலேயே தங்குகிறது. செம்பும் துத்தநாகமும் மரத்திற்கு ஓரளவு தேவையானவை. ஆகவே அவை ஈயத்தைவிடச் சற்று எளிதாக இலைக்குச் செல்கின்றன.

சுருங்கக் கூறின், கிடங்கு சேறு. மரம் அதன் காவல். சாலைக்காகவோ மனைக்காகவோ மரங்களை வெட்டிச் சேற்றைக் கிளறினால் காற்று புகுகிறது. சல்பைடு சிதைந்து அமிலம் உண்டாகிறது. கட்டுண்ட உலோகங்கள் மீண்டும் நீரில் கரைகின்றன. பல்லாண்டுகளாகச் சேர்ந்த நஞ்சு மீனையும் நண்டையும் சிப்பியையும், அவற்றைப் பிடித்து வாழும் கோளி மீனவர்களையும் அடைய வழி பிறக்கிறது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. அத்தடை காத்தது மரங்களை மட்டுமன்று.

பாதரசத்தின் நிலை வேறு. சேற்றிலுள்ள அதே வகைப் பாக்டீரியாக்கள் அதனை மெதில் பாதரசமாக மாற்றக்கூடும். உணவுச் சங்கிலியில் படிப்படியாகப் பெருகும் கொடிய நஞ்சு அது. அதனை ஆலையின் வாயிலிலேயே தடுத்தல் வேண்டும். காட்டை நம்பியிருத்தல் தகாது.

கண்காணிப்பிலும் ஒரு மாற்றம் தேவை. நீரை மட்டும் சோதித்து, உலோகம் குறைந்துவிட்டதாக மகிழ்வது எளிது. சேற்றை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தால்தான் கழியின் கணக்கு முழுமையாகத் தெரியும்.