சுண்டெலி காட்டிய வழி

வயலில் நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்ப்பதும், வீட்டில் பெட்டியையும் துணியையும் கடித்துப் பாழாக்குவதும் எலியினத்தின் இயல்பு. ஆகவே மக்கள் அதனைப் பகையாகவே எண்ணுவர். ஆனால், அவ்வினத்தைச் சேர்ந்த சிறு சுண்டெலி ஆய்வுக்கூடத்தில் மனித குலத்திற்குச் செய்துள்ள உதவி மிகப் பெரிது. தொட்டிலிலேயே குழந்தைகளின் உயிரைக் கவர்ந்து வந்த கொடிய நரம்பு நோய் ஒன்றிற்கு மருந்து கண்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அந்நோய் தண்டுவடத் தசை நலிவு நோய் எனப்படும். உடலை அசைக்கும் கட்டளை மூளையிலிருந்து புறப்பட்டு, முதுகெலும்பினுள் இருக்கும் தண்டுவடத்தை அடைகிறது. அங்குள்ள இயக்க நரம்பணுக்கள் அதனைப் பெற்றுத் தசைகளுக்கு அனுப்புகின்றன. இந்நோயில் அந்நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன; ஏவுவார் இன்மையால் தசைகள் மெலிகின்றன. குழந்தையால் தலையை நிமிர்த்த முடியாது, உட்கார முடியாது, பின்னர்ப் பாலை விழுங்கவும் மூச்சு விடவும் இயலாமல் தவிக்கும். ஆயினும் அதன் அறிவு தெளிவாகவே இருக்கும். ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகளுள் ஒன்று இந்நோயுடன் பிறக்கிறது. கடுமையான வகைக்கு ஆளான குழந்தைகளுள் பெரும்பாலானவை இரண்டு வயது நிறையுமுன்னரே இறந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரிய மருத்துவர் வெர்ட்னிக், ஜெர்மானிய மருத்துவர் ஹாஃப்மன் ஆகிய இருவரும் இந்நோயை விரிவாக எழுதினர். எனினும், அதன்பின் நூறாண்டுக் காலம் அதன் காரணம் விளங்கவில்லை.

1995 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜூடித் மெல்கி என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அக்காரணத்தைக் கண்டனர். மனிதனின் ஐந்தாம் குரோமோசோமில் எஸ்.எம்.என். என்னும் மரபணு உள்ளது. அது உண்டாக்கும் புரதம் இயக்க நரம்பணுக்கள் உயிர்வாழ இன்றியமையாதது. நோயுற்ற குழந்தையிடம் இம்மரபணு இல்லாமலோ பழுதுபட்டோ இருக்கிறது. வியப்பு யாதெனில், மனிதனிடம் இம்மரபணுவிற்கு இரட்டை ஒன்றும் உண்டு. தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அவ்வாறாயின், ஒன்று பழுதுபடும்போது மற்றொன்று ஏன் கைகொடுக்கவில்லை?

மரபணு இருந்தால் மட்டும் போதாது. அது வெளிப்படவும் வேண்டும். மரபணுவில் உள்ள செய்தி முதலில் படியெடுக்கப்படுகிறது. பின்னர் அப்படியில் உள்ளவாறே புரதம் அமைகிறது. இதனை மரபணு வெளிப்பாடு என்பர். இரண்டாம் மரபணுவில் முக்கியமான இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால், ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதுவோர் ஒரு வரியை விட்டுவிடுவது போல, படியெடுக்கும்போது ஏழாம் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பத்துப் படிகளுள் ஏறத்தாழ ஒன்றே முழுமையானது. குறைப்படிகளால் அமையும் புரதமோ விரைவில் சிதைந்துவிடுகிறது.

இவ்வெளிப்பாட்டின் அளவே வாழ்நாளின் அளவு என்பதைக் காட்டியது சுண்டெலி. அதற்கு இம்மரபணு ஒன்றே உண்டு, இரட்டை இல்லை. அதனை அறவே நீக்கினால் எலி, கருவிலேயே அழிந்துவிடும். 2000 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள், அவ்வாறு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மனிதனின் இரண்டாம் மரபணுவைச் சேர்த்தனர். அம்மரபணு இரண்டைப் பெற்ற எலிகள் பிறந்த ஒரு வாரத்திற்குள் இறந்தன. எட்டைப் பெற்றவையோ நோயின்றி வாழ்ந்தன. புரதத்தைப் பெருக்கினால் உயிரைக் காக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது.

2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மேலும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். இரண்டு வாரமே வாழக்கூடிய நோயுற்ற சுண்டெலிக் குட்டிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒருவகை வைரஸின் உள்ளிருந்த மரபுப்பொருளை நீக்கி, அவ்விடத்தில் நல்ல எஸ்.எம்.என். மரபணுவை வைத்து, குட்டிகளின் இரத்தத்தில் செலுத்தினர். வைரஸ் அதனைத் தண்டுவடத்து நரம்பணுக்களிடம் கொண்டு சேர்த்தது. பிறந்த முதல் நாளில் மருந்து பெற்ற குட்டிகள் நன்றாக ஓடி ஆடின. 250 நாட்களுக்கு மேலும் வாழ்ந்தன. ஐந்தாம் நாளில் பெற்றவை ஓரளவே நலம் பெற்றன. பத்தாம் நாளில் பெற்றவற்றிற்கோ பெரும்பயன் விளையவில்லை. மருந்து ஒன்றே, நாள்தான் வேறு. வாடும் பயிருக்கு வார்த்த நீர் அதனைத் தளிர்க்கச் செய்யும். பட்ட மரத்திற்கு வார்த்த நீர் என் செய்யும்? இறந்த நரம்பணு மீண்டும் எழுவதில்லை.

இதற்கிடையே, அட்ரியன் கிரைனர் என்னும் அறிஞர் வேறொரு வழியை ஆராய்ந்தார். இரண்டாம் மரபணுவில் விடுபடும் பகுதியை மீண்டும் சேர்க்கச் செய்யும் சிறு மருந்தை அவரும் அவருடன் உழைத்தோரும் உருவாக்கிச் சுண்டெலிகளில் சோதித்தனர். 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மருந்து அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. வைரஸின்வழி மரபணுவைச் செலுத்தும் மருத்துவம் 15 குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டு, அதன் முடிவு 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபது திங்கள் நிறைந்தபோது அப்பதினைவரும் உயிரோடிருந்தனர். மிகுந்த அளவு மருந்து பெற்ற 12 பேருள் 11 பேர் துணையின்றி அமர்ந்தனர். இருவர் தாமே நடந்தனர். 2019 ஆம் ஆண்டில் இதற்கும் ஒப்புதல் கிடைத்தது.

சுண்டெலி கற்பித்த காலப் பாடமும் வீண்போகவில்லை. நோய்க்குறி தோன்றும் வரை காத்திராமல், பிறந்தவுடனேயே குழந்தையின் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து அறியும் முறையை 2018 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு பரிந்துரைத்தது. ஆயினும் ஒரு குறை உண்டு. மரபணு மருந்து அந்நாட்டில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 21 இலட்சம் டாலருக்கும் மேற்பட்டது. ஏழையின் தொட்டிலுக்கும் எட்டும்போதே மருந்து கண்டதன் பயன் முழுமை பெறும்.

மனித அறிவின் துணிவும் சிற்றுயிரின் உயிர்க்கொடையும் சேர்ந்தே இவ்வெற்றியைத் தந்தன. தலை நிமிராது கிடந்திருக்கக் கூடிய குழந்தை தளர்நடையிட்டு வரும்போது, அதன் தாய் அடையும் மகிழ்ச்சியில் பெயரறியாச் சுண்டெலிகள் பலவற்றின் பங்கும் கலந்திருக்கிறது.