பந்தயமா, உயிரா? பாய்மரப் படகின் முதல் விதி!

சென்னை துறைமுகத்துக்குள் பாய் விரித்து ஓடும் படகுகளைப் பார்த்து, "பணக்காரர் விளையாட்டுப்பா!" என்பவர்கள் உண்டு. ஆனால் அதன் முதல் விதி, காசிமேடு மீனவருக்குப் புதிதல்ல: கடலில் தத்தளிப்பவனை விட்டுவிட்டுப் போகாதே!

1911-ல் தொடங்கியது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். உலகெங்கும் உள்ள பந்தய விதிகள்தான் இங்கும்.

கொடிதான் விசில்!

புறப்பட 5 நிமிடம் இருக்கையில் முதல் கொடி ஏறும். 4 நிமிடத்தில் இன்னொன்று. 1 நிமிடத்தில் அது இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் ஓட்டம்! முந்திக் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும்.

இரண்டு படகு குறுக்கே வந்தால்? வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழி. இடப்பக்கம் வாங்குவது ஒதுங்க வேண்டும். 'ஒய்' கொடி ஏறினால் எல்லோரும் லைப் ஜாக்கெட் போட்டாக வேண்டும். கவிழ்ந்தால் அதுதான் உயிர்!

பின்தங்கி ஜெயித்தவர்

1988 சியோல் ஒலிம்பிக். புசான் கடலில் கடும் காற்று. கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ 2-வது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். வேறு பிரிவில் ஓடிய சிங்கப்பூர் படகு கவிழ்ந்து, 2 பேர் தண்ணீரில்! லெமியூ பந்தயத்தை விட்டார்; பாய்ந்து போய்க் காப்பாற்றினார். வேறு படகில் அவர்களை ஒப்படைத்த பிறகே ஓட்டத்தைத் தொடர்ந்தார். ரொம்பப் பின்தங்கிவிட்டார்.

நடுவர்கள் சும்மா விட்டார்களா? 2-வது இடத்தையே கொடுத்தார்கள்! உதவப் போய் இழந்ததைக் கேட்டு வாங்க விதியிலேயே இடம் உண்டு.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய முதல் இந்தியப் பெண், சென்னை நேத்ரா குமணன். அவர் ஓடியதும் இதே விதிகளின்படிதான். முதலில் உயிர், அப்புறம்தான் மெடல்!