சுள்ளி எரித்தால் செல்போனில் சார்ஜ் ஏறுமா? மின்சாரம் தரும் கேம்ப் அடுப்பு வேலை செய்வது எப்படி?

மலையேற்றம் போன இடத்தில் போன் சார்ஜ் 5 சதவீதம். பிளக் பாயின்ட் கிடையாது. காய்ந்த சுள்ளி மட்டும் நிறைய கிடக்கிறது. அதை எரித்தே சார்ஜ் போடலாம் என்கிறது நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த பயோலைட் நிறுவனம். 2012-ல் விற்பனைக்கு வந்த இதன் 'கேம்ப்ஸ்டவ்' அடுப்பு நிஜமாகவே கைகொடுக்குமா?

வெப்பம் மின்சாரமாவது எப்படி?

ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. இந்த வித்தியாசம் இருந்தால் சில பொருட்களில் மின்சாரம் பாயும். 1821-ல் இதைக் கவனித்தவர் தாமஸ் சீபெக்; அதனால் 'சீபெக் விளைவு' என்று பெயர். 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களும் இதே முறையில்தான் மின்சாரம் பெறுகின்றன. அங்கே சூடு தருவது புளூட்டோனியம்; இங்கே சுள்ளி.

முதல் பங்கு ஃபேனுக்கு

கிடைக்கும் மின்சாரம் முதலில் அடுப்பிலுள்ள குட்டி ஃபேனைச் சுற்றவைக்கிறது. அது இரண்டு வேலை பார்க்கிறது. மின்சாரம் எடுக்கும் தகட்டின் ஒரு பக்கத்தைக் குளிர வைக்கிறது. தீக்குள் காற்றையும் ஊதுகிறது. ஊதாங்குழல் செய்யும் அதே வேலைதான். இதனால் விறகு நன்றாக எரிகிறது, புகை குறைகிறது. மிச்ச மின்சாரம் யு.எஸ்.பி. வழியாக போனுக்கு வரும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

2017-ல் வந்த இரண்டாம் மாடல் அதிகபட்சம் 3 வாட் தரும். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். அதாவது, முழு சார்ஜுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் சுள்ளி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்! அடுப்பின் எடையோ கிட்டத்தட்ட 1 கிலோ. சுமார் 200 கிராம் எடையுள்ள 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், அலட்டிக்கொள்ளாமல் ஒருமுறை முழு சார்ஜ் தந்துவிடும்.

அப்போ வேஸ்ட்டா?

இல்லை. ஒன்றிரண்டு நாள் டிரிப்புக்கு பவர் பேங்க் போதும். பல நாள் காட்டில் தங்குபவர்களுக்கு, எப்படியும் சமைக்கும்போது கிடைக்கும் கூடுதல் சார்ஜ் லாபம்தான். அவசரத்துக்கு ஒரு போன் பேச அரை மணி நேரத் தீயே போதும்.

அதைவிடப் பெரிய பயன் வீடுகளில். வீட்டுச் சமையல் புகை போன்ற உட்புறக் காற்று மாசால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. ஃபேன் வைத்த இதே நுட்பத்தில் 'ஹோம்ஸ்டவ்' என்ற வீட்டு அடுப்பையும் பயோலைட் தயாரித்தது.

கவனம்: புகை குறைவு என்று டென்ட்டுக்குள் பற்றவைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.