வெற்றிடத்தின் வலிமை

மோட்டார் வண்டியின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயின், வேண்டிய இடத்தில் நிற்கமாட்டாத வண்டி எத்துணை விரைந்து ஓடினும், செலுத்துவோனுக்கும் எதிர்வருவோனுக்கும் கேடாகவே முடியும். ஆதலின் ஓட்டத்தினும் நிறுத்தமே வண்டிக்கு முதன்மையான இலக்கணம் என்னலாம். அந்நிறுத்தத்திற்கு வெற்றிடம் துணைபுரிகின்றது என்று கேட்கும்பொழுது, இலக்கியம் பயிலும் நமக்கு வியப்பு உண்டாகின்றது. ஒன்றும் இல்லாத இடம் எங்ஙனம் ஒரு லாரியை நிறுத்தும்? அவ்வெற்றிடத்தைப் பழைய லாரியொன்றில் எங்கிருந்து பெறுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1947 முதல் 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செய்யப்பெற்ற செவர்லே அரை டன் பிக்கப் லாரியைக் கொள்வோம். பழைய வண்டிகளைப் பேணுவோர் அந்நாட்டில் இன்றும் இவற்றைப் புதுப்பித்து ஓட்டிவருகின்றனர். அதன் எஞ்சின் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த பெட்ரோல் எஞ்சின். மிதிகட்டை தரைப்பலகையை ஊடுருவி நிற்கும். பிரேக்கு எண்ணெயை உந்தும் மாஸ்டர் சிலிண்டர் அத்தரையின் கீழே மறைந்திருக்கும். நான்கு சக்கரங்களிலும் உள்ளவை டிரம் பிரேக்குகள். சுழலும் டிரம்மே பிரேக்குக் கட்டையைத் தன்னோடு இழுத்துப் பின்னும் இறுகச்செய்வதால், ஓட்டுவோன் காலின் வலிமையே அக்காலத்துக்குப் போதியதாயிருந்தது. இக்காலத்தில் அவ்வண்டியின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு மாற்றுவோர் பலர். டிஸ்கிலோ தானே இறுகும் இயல்பு இல்லை. மிகுந்த அழுத்தம் வேண்டும். ஆதலின் பூஸ்டர் என்னும் துணைக்கருவி இன்றியமையாததாகின்றது. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஆல்பர்ட் டெவாண்டர் வகுத்த இத்தகைய கருவி, 1927ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் வழியாக வழக்கிற்கு வந்தது.

இனி, வெற்றிடத்தின் இயல்பை நோக்குவோம். உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் பருகுகின்றோம். வாய் நீரை இழுப்பதாக நாம் சொல்லுவதுண்டு. உண்மையில் வாய் செய்வது குழலினுள் காற்றைக் குறைப்பது ஒன்றே. இளநீரை மேலே தள்ளுவது வெளியேயுள்ள காற்றின் பாரம். ஞாயிறு எழுகின்றது என்பது போல, வெற்றிடம் இழுக்கின்றது என்பதும் வழக்குப்பற்றிய சொல்லேயாம். காற்றின் இப்பாரத்தை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் பாதரசக் குழாயால் அளந்து காட்டினார். கடல்மட்டத்தில் அப்பாரம் 76 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கவல்லது. அஃதாவது, ஒரு சதுர சென்டிமீட்டர்க்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம்.

பூஸ்டர் என்பது வட்டமான ஓர் உலோகப் பெட்டி. அதனை இரு அறைகளாகப் பிரித்து நிற்பது டயாபிரம் என்னும் ரப்பர்த் தகடு. மிதியாதபோது இரு அறைகளிலும் காற்று குறைந்திருக்கும். மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து பின்னறையில் வெளிக்காற்றைப் புகுத்தும். முன்னறையில் எதிர்ப்பார் இன்மையால் அக்காற்று டயாபிரத்தை முன்னே தள்ள, அது மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். டயாபிரத்தின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் எனின் அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். முன்னறையில் 46 சென்டிமீட்டர் பாதரச அளவு வெற்றிடம் இருக்குமாயின், கிடைக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 195 கிலோகிராம். வெற்றிடம் 25 சென்டிமீட்டராகக் குறைந்தால் விசையும் 107 கிலோகிராமாகக் குறைந்துவிடும். பூஸ்டரின் வலிமை முழுவதும் வெற்றிடத்தின் அளவையே சார்ந்தது என்பது இதனால் விளங்கும்.

அவ்வெற்றிடம் எங்கே உள்ளது? எஞ்சினிலேயே உள்ளது. பிஸ்டன்கள் கீழிறங்கும்போது காற்றை உள்ளே வாங்க முயலும். காற்று வரும் வாயிலிலோ திராட்டில் என்னும் கதவு நிற்கின்றது. ஓட்டுவோன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் அக்கதவு மூடிக்கொள்ள, அதற்கும் பிஸ்டன்களுக்கும் இடைப்பட்ட மானிபோல்டு என்னும் குழாய்த்தொகுதியில் வெற்றிடம் மிகுகின்றது. இதன் நயத்தை நாம் உணர்தல் வேண்டும். காலை எடுப்பது பெரும்பாலும் பிரேக்கு மிதிப்பதற்காகவே. தேவை எழும் அந்நொடியிலேயே துணையும் பெருகுகின்றது.

ஆயினும், பழைய வண்டியில் கைக்கு அகப்பட்ட துளையிலெல்லாம் குழாயைச் செருகுதல் தவறு. கார்புரேட்டரிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதன் வாய் மூடிய திராட்டிலுக்கு மேற்புறத்தில் இருப்பதால், காலை எடுத்தவுடன் அங்கே வெற்றிடம் அற்றுப்போம். அதனை நம்பிய பூஸ்டர் வேண்டும்போது கைவிடும். மழைத்துடைப்பானை இயக்கும் குழாய் மானிபோல்டிலிருந்தே வருவதாயினும், அது மிகக் குறுகியது. பூஸ்டரை விரைந்து நிரப்பாது. ஆகவே, திராட்டிலுக்குக் கீழே, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான நடுப்பகுதியில், 3/8 அங்குல உள்ளளவுக்குக் குறையாத தனிவழி அமைத்தலே முறை. ஒரு சிலிண்டர்க்கு மட்டும் உரிய கிளையில் அமைத்தால் வெற்றிடம் துடித்துத் துடித்து வரும்.

குழாயும் வெற்றிடத்திற்கென்றே செய்த தடித்த ரப்பர்க் குழாயாதல் வேண்டும். மெலிந்தது வெளிக்காற்றின் பாரத்தால் சப்பையாகிவிடும். பூஸ்டரின் வாயில் ஒருவழி வால்வு இருத்தல் வேண்டும். எஞ்சின் திடீரென நின்றாலும், அவ்வால்வு காத்துவைத்த வெற்றிடம் ஓரிருமுறை மிதிப்பதற்கு உதவும்.

இத்துணை செய்தும் போதாமை நேர்வதுண்டு. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் வெறுமனே ஓடும்போது 43 முதல் 53 சென்டிமீட்டர் வரை அளவுமானியில் காட்டும். வேகத்தை நாடிக் கேம்ஷாப்டை மாற்றிய எஞ்சினில் இவ்வளவு மிகக் குறையும். உயர்ந்த மலையிலும் குறையும். கொலராடோ மாநிலத்து லெட்வில் நகரம் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது; அங்கே காற்றின் பாரம் கடல்மட்டத்தினும் பத்தில் மூன்று பங்கு குறைவு. இறக்கங்கள் மிகுந்து பிரேக்கு பெரிதும் வேண்டப்படும் இடத்திலேயே துணை குறைகின்றது! அத்தகையோர் ஒரு சேமிப்புத் தொட்டியை இடையிலே வைப்பர். அதுவும் போதாதெனின் மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பைச் சேர்ப்பர். டீசல் எஞ்சின் பொருத்தியவர்க்குப் பொதுவாகப் பம்பே கதி. டீசலில் காற்றைத் தடுக்கும் கதவு பெரும்பாலும் இன்மையால் மானிபோல்டில் பயன்படத்தக்க வெற்றிடம் தோன்றுவதில்லை.

பொருத்திய பின்னர்ச் சோதனை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கட்டை இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பின்பு காலை அழுத்தியவாறே எஞ்சினை இயக்கினால், கட்டை சற்றே தாழும். தாழாவிடில் வெற்றிடம் பூஸ்டரை அடையவில்லை என்று அறியலாம். மேலும், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மிதிக்கும்போது முதல் மிதி இலகுவாயிருத்தல் வேண்டும். இறுகியிருந்தால் எங்கோ காற்று கசிகின்றது.

ஒன்று மறத்தலாகாது. பூஸ்டர் காலுக்குத் துணையேயன்றிக் காலுக்கு மாற்று அன்று. தேய்ந்த கட்டையையும் ஒழுகும் எண்ணெய்க் குழாயையும் அது செம்மை செய்யாது. வெற்றிடம் அற்ற நாளிலும் பிரேக்கு அடியோடு அழிவதில்லை. கட்டை கல்லென இறுகும். அப்பொழுது முழுவலிமையோடு மிதித்தல் வேண்டும். அதனை முன்னரே அறிந்தவன் அஞ்சாமல் மிதிப்பான். அறியாதவன் பிரேக்கு போயிற்றென்று காலைத் தளர்த்துவான். அவ்விரு செயல்களுக்கும் இடையே ஓர் உயிர் நிற்கக்கூடும்.

நண்பர்காள்! நம்மைச் சூழ்ந்து என்றும் அழுத்திநிற்கும் காற்றை நாம் உணர்வதில்லை. அதற்குச் சிறிது இடம் ஒழித்துத் தந்தால், அஃது ஒரு லாரியை நிறுத்தித் தெருவில் செல்லும் குழந்தையைக் காக்கின்றது. ஆயின் அவ்விடத்தை ஒழிக்கும் துளையை எங்கே இடுவது என்று அறிந்தவனுக்கே அத்துணை கிட்டும்.