கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையில்

மட்டக்களப்பின் எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலே என் இளமை கழிந்தது. எங்கள் வளவுக் கிணற்று நீர் இனிக்கும்; வேலிக்கு அப்பால், கடற்பக்கத்து வளவின் நீரோ உவர்க்கும். மாலைதோறும் அவ்வீட்டுப் பெண்கள் குடத்துடன் எங்கள் படலையைத் திறந்து வருவார்கள். பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து மணம் முடித்துவைக்கும் எங்கள் நாட்டில், நல்ல தண்ணீரும் சீதனத்தில் ஒரு பங்கே. தங்கைக்கென வாங்கிய வளவில் எங்கே கிணறு வெட்டுவது என்று நாங்கள் மயங்கியபோது, கிணறு வெட்டும் முதியவர் சொன்னார்: “கரையோட போனா தண்ணி மாறாது மனே, கடலப் பாத்துப் போனா காலடிக்கொரு தண்ணி.”

அந்தச் சொல்லின் ஆழம் எனக்குப் பின்னரே புரிந்தது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்திலேதான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை முதலிய ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. மாரிமழை மணலினூடாக இறங்கி, தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருப்பின், அடியிற் பாறை தடுக்காதவிடத்து, கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உவர் நாற்பதடி ஏறும் என்பதும் அதே கணக்கே.

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கிணறுகளை உப்பால் நிரப்பியது. கடல்நீர் புகுந்த கிணற்றை இறைத்துவிட்டால் தீரும் என்றே பலரும் எண்ணினோம். பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தோம். இலங்கையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அக்காலத்தில் இக்கரையோரக் கிணறுகளை அளந்து ஆராய்ந்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும் என்பதும், மழையே உப்பைக் கழுவவேண்டும் என்பதும் அப்போது தெளிவாயின. நிலத்தின் உள்ளமைப்பை அறியாது செய்யும் நன்மையும் தீமையாகலாம்.

ஆனால் உள்ளமைப்பை அறிவது எப்படி? கிணறு உள்ள இடத்தில் அளக்கலாம். இரு கிணறுகளுக்கு இடையில்?

இதே வினா தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலும் எழுந்தது. சில துளைகளில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, துளையிடாத நிலத்தின் பொன்னை மதிப்பிடவேண்டும். அதற்கொரு புள்ளிவிவர வழியை டானி கிரிக் என்ற பொறியியலாளர் 1951இல் வெளியிட்டார். பிரான்சின் ஜோர்ஜ் மத்தெரோன் 1960களில் அதற்கு முறையான கணிதக் கொள்கை அமைத்து, கிரிக்கின் பெயரையே அம்முறைக்கு வழங்கினார்.

அதன் வழி எளியது. பல கிணறுகளின் உவர்ப்பை அளந்து, அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடுவர். அண்மைக் கிணறுகள் ஒத்திருக்கும். தூரம் கூடக் கூட வேற்றுமை வளரும். ஓரெல்லைக்கு அப்பால் ஒன்றின் செய்தி மற்றதற்கு உதவாது. அந்த எல்லை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. நம் கரையிலே அது கடலோரமாக நீண்டும், கடலை நோக்கிக் குறுகியும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். முதியவர் சொன்னதும் இதுவன்றோ! இவ்வொப்புமையைக் கொண்டு, அளக்காத இடத்தின் அளவைக் கணிக்கும்போது, அருகருகே உள்ள இரு கிணறுகள் ஏறத்தாழ ஒரே செய்தியையே சொல்வதால், அவற்றுக்கு இரட்டை மதிப்புக் கொடுப்பதில்லை.

இம்முறையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. இது இரண்டு படங்களைத் தருகிறது: ஒன்று மதிப்பீட்டின் படம், மற்றது ஐயத்தின் படம். கிணறுகள் செறிந்த ஊரில் ஐயம் குறையும். ஆளில்லா வெளியில் கூடும். முதற்படத்தை மட்டும் மேசையில் விரித்து முடிவெடுப்பவர், வெறும் ஊகத்தையும் அளந்த உண்மையையும் ஒரே நிறத்திற் காண்பார். ஐயப்படத்தையும் முற்றாக நம்பிவிடலாகாது. எவரும் தோண்டாத இடத்திற் புதைந்துள்ள களித்திட்டு ஒன்றைக் கணிதம் கனவிலும் காணாது.

உன்னிச்சைக் குளத்து நீர் இன்று குழாய்வழி வந்தாலும், தோட்டத்துக்கும் குளிப்புக்கும் எம்மவர் பலர் கிணற்றையே நாடுகின்றனர். பாடசாலைகள் தோறும் நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியொன்று இருந்து, மாணவர்கள் மாதம் ஒருமுறை தத்தம் வீட்டுக் கிணற்றை அளந்து குறித்துவந்தால், பத்தாண்டில் எத்துணை அரிய செல்வம் சேரும்! ஆசிரிய நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தங்கையின் கிணற்றை முதியவர் சொற்படி, எங்கள் கிணற்றுக்கு நேராகக் கரையோரமாகவே வெட்டினோம். நீர் இனித்தது. இப்போது கடுங்கோடையில் சற்றே உவர்க்கிறதென்று எழுதியிருக்கிறாள். எப்போது தொடங்கிற்று என்று கேட்டேன். குறித்து வைக்கவில்லையாம்.